குட்டன் காலில் நான் போட்ட கட்டு

கத்தரிக்கோலின் மழுங்கிய முனையைக் கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைக்க டாக்டரம்மா இடம் தேடினார். இடமே இல்லை. கடைசியில் மேல்பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாக வெட்டிக்கொண்டு இறங்கினார். நனைந்து காய்ந்து நனைந்த துணி அட்டை மாதிரி விரிந்தது. அடிச் சுற்று விழுந்ததும் அந்த வாடை வந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் நான். அது என்ன வாடை என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மேஜைமேல் கிடந்தது எங்கள் நாய் குட்டன். என் கணவர் அவன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வலது முன்னங்காலின் விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலிடுக்கில் தோல் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றி, புறங்கையை அந்த விரல்கள்மேல் வைத்துப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்கு. இந்தக் கட்டை யார் கட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். 

"நான்தான் டாக்டர்," என்றார் என் கணவர்.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு.

"அம்மா நர்ஸா இருந்தவங்கன்னு வெளிய சொன்னாங்களே சார். வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்காம விட்டது தப்புதான்," என்றார் அவர்.

நான் மேஜையிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

போடியிலிருந்து வந்த கேள்வி

இந்தப் பக்கங்களில் இதுவரை வார்டுகளில் பிழைக்க வைத்தவர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் போடியிலிருந்து ஒரு வாசகி போனில் பேசினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வைக்கும்போது, "தப்பே பண்ணதில்லையா சிஸ்டர் நீங்க?" என்று கேட்டார்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்றைக்குச் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த மேஜைதான் கண்ணில் நின்றது. அதனால் இந்த வாரம் அதை எழுதிவிடுகிறேன்.

நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். நான் ஓய்வு பெற்று, அனுமந்தன்பட்டியில் இவருடைய பூர்வீக வீட்டை இடித்துக் கட்டிக் குடிவந்த பிறகு. என் கணவர் ஜீப் டிரைவராக இருந்தவர். கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயந்தரம் திரும்ப ஏற்றி வருவார். அப்படி ஒரு நாள் ஜீப்பின் பின் இருக்கைக்கு அடியில் ஒரு குட்டி ஏறிப் படுத்திருக்கிறது. எந்தத் தோட்டத்தில் ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட வந்த மலையாளத்துக்காரர் ஒருவர் "குட்டா" என்று கூப்பிட, வாலை ஆட்டியிருக்கிறது. அதுவே பேராகிவிட்டது.

குட்டன் வளர்ந்து வெளிர் பழுப்பில், ஒரு காது மடங்கி, நல்ல உயரமாக நின்றான். இவர் அவனிடம் தனக்குத் தெரிந்த இருபது முப்பது மலையாள வார்த்தைகளில்தான் பேசுவார். "இவிட வா" என்றால் வருவான். "இங்க வாடா" என்று நான் கூப்பிட்டால் யோசிப்பான்.

சின்ன வெட்டு

அது சாரல் காலம். கேரளத்தில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் வெயிலும் தூறலுமாக நாள் முழுக்க விளையாடும். காலையில் இருவரும் வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வந்தார்கள். குட்டன் வாசலில் ஏறியதும் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு பூ. அடுத்த அடிக்கு இன்னொன்று.

"பாட்டில் சில்லை மிதிச்சுட்டான். அங்கன யாரோ குடிச்சுப்புட்டு உடைச்சுப் போட்டிருக்காக," என்றார் இவர்.

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் மெத்தையின் ஓரத்தில் ஒரு வெட்டு. என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். ஆழமில்லை, கண்ணாடித் துண்டு எதுவும் உள்ளே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா கிடந்தது. அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினேன், நுரைத்தது. பிறகு ஸ்பிரிட். குட்டன் வீல் என்று கத்தித் திரும்பி என் புடவை முந்தானையைக் கவ்வினான். கையைக் கவ்வியிருக்கலாம், கவ்வவில்லை.

"பைய, பைய. அவனுக்கு எரியுதுல்ல," என்றார் இவர்.

"எரிஞ்சாத்தான் கிருமி சாகும். புடிங்க நல்லா."

மனுஷருக்குக் கை காலில் கட்டுப் போட்டால் விரல் நுனிகளை வெளியே விடுவோம். ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க. அது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் இவன் மண்ணில் நடக்கிறவன், அழுக்கு ஏறும் என்று நினைத்து, பாதம் முழுவதையும் உறை மாதிரி மூடிவிட்டேன். உதறிவிடுவான் என்று, இழுத்தால் நீளும் கிரேப் துணியை இழுத்து இழுத்துச் சுற்றினேன். மேலே பிளாஸ்டர். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு சுற்று ஏறி இறங்கவில்லை.

மதுரையில் பயிற்சிக் காலத்தில் என் கட்டைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்கள். வேலைக்கு வந்த பிறகு, வார்டில் நுழையும்போதே "இது சரோஜா சிஸ்டர் போட்டது" என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருமை அன்றைக்கும் குறையவில்லை.

அப்பாவும் இஞ்சின் ஆயிலும்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடமலைக்குண்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடும் ஆடுகளும் இருந்தன. ஆட்டுக்குக் காவல் நாய்கள். நாய்க்குக் காயம் பட்டால், அதில் புழு வைத்தால், பஸ் ரிப்பேர் பார்க்கும் இடத்திலிருந்து கழிவு ஆயில் வாங்கி வந்து ஊற்றுவார். சில சமயம் துணிப்பெட்டியில் போடும் பூச்சி உருண்டையை நுணுக்கி வைப்பார்.

பயிற்சியின் முதல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். கருப்பு நாய் ஒன்று முதுகில் ஊற்றிய ஆயிலை நக்கிவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாளில் எங்கோ போய்விட்டது. திரும்பவில்லை.

"படிக்காத ஆளுக வைத்தியம் இப்படித்தான் இருக்கும்," என்று அப்பாவிடம் வெடுக்கென்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி ஆத்தா. அப்ப என்ன செய்யணும்னு நீ சொல்லு. செய்றேன்," என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாய்க்கு என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அது தெரியாது என்பதையும் நான் சொல்லவில்லை. "உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

மூன்று நாள்

மறுநாள் குட்டன் அந்தக் காலைத் தரையில் வைக்கவில்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்துக் கட்டைக் கடித்துக்கொண்டே இருந்தான். சாரலில் துணி நனைந்திருந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்குமோ? அவுத்துத்தான் பாரேன்," என்றார் இவர்.

"புதுக் கட்டு அப்படித்தான் இருக்கும். பழகிக்குவான்."

"வெரலு தெரியலையே. உள்ள வீங்கியிருந்தா எப்படித் தெரியும்?"

"இதைத்தானே முப்பது வருசமாப் பண்ணேன்? நீங்க பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். அது அவர் சுபாவம். ஜீப்பில் பதினைந்து பேர் பேசும்போதும் அவர் ரோட்டைத்தான் பார்ப்பார்.

வார்டில் கட்டு இறுகினால் ஆள் சொல்லிவிடும். சொல்ல முடியாத ஆளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவோ பெண்டாட்டியோ ஓடி வந்து சொல்லும். குட்டனுக்காகவும் ஒருவர் வந்து சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

வலிக்கிறது போல என்று ஒரு பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பால்சோற்றில் கலந்து வைத்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சாப்பிடாமல் போனது யார் செய்த புண்ணியமோ தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. நான் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கும்போது இவர் குட்டனைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். ஆட்டோ வந்திருந்தது.

"எங்க கொண்டு போறீங்க?"

"மாட்டாஸ்பத்திரிக்கு. நீ வந்தா வா. வராட்டி இரு."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

அவருக்குச் சொன்ன பாடம்

"காயம் ரொம்பச் சின்னது சார்," என்று டாக்டரம்மா என் கணவரிடம் சொன்னார். "முதல் நாளே அலசிட்டு லேசாக் கட்டியிருந்தா ஒரு வாரத்துல ஓடியிருப்பான். கட்டினதாலதான் இப்படி ஆச்சு."

ஊசி போட்டார், காலைக் கழுவினார், விரல்களுக்கு நடுவில் பஞ்சு வைத்தார். செய்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார், எல்லாம் அவரைப் பார்த்து. நான் பின்னால் சுவரோரம் நின்று கேட்டேன்.

"ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. அஞ்சு நிமிஷம், எடுத்து எடுத்துப் பார்க்காம. கால் மணி நேரம் ஆகியும் நிக்கலேன்னா இங்க வந்துடுங்க. நின்னா, உப்புத் தண்ணியில அலசுங்க."

"உப்பு எம்புட்டு டாக்டர்?"

"கொதிக்க வச்சு ஆறின தண்ணி அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், தலை தட்டி. பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால், ஃபினாயில் எதுவும் வேண்டாம். அதெல்லாம் புதுசா வளர்ற தோலையும் சேர்த்து அரிச்சுடும். பெட்டாடின் போடலாம், ஆனா தண்ணி ஊத்தி வெறும் டீத்தண்ணி நிறத்துக்குக் கலக்கிட்டுத்தான்."

"நக்குனா ஆறிடும்னு சொல்லுவாகளே?"

"நக்கினா புண்ணு பெருசாகும். நக்க விடாம கழுத்துல கூம்பு மாட்டணும்."

பிறகு, "மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா? நம்ம சாப்பிடற பாராசிட்டமால் மாதிரி?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்க்காமலே, "கலந்து வச்சது டாக்டர். திங்கல," என்றார்.

"நல்லவேளை. நாய்க்கு அது ஈரலைக் கெடுத்துடும். நம்ம வலி மாத்திரை எதுவுமே ஆகாது."



திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் குட்டனின் மடங்கின காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜீப் ஓட்டுனவன் தப்பாக் கட்டுனா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாக," என்றார்.

சொன்ன நாள்

ஒரு வாரம் தினமும் போனோம். மூன்று விரல்களுக்குச் சூடு திரும்பியது. கடைசி விரல் திரும்பவில்லை. கருத்துச் சுருங்கிக்கொண்டே வந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ டாக்டரம்மா என் கணவரிடம், "சார், இந்த விரலை எடுத்துடணும். விட்டா மேல ஏறும்," என்றார். சொல்லிவிட்டு, அடக்கியதையும் மீறி, "ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்திருந்தாப் போதும் சார்," என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலை அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர் ஜீப்பை நிறுத்தி ஆள் எண்ணும்போதுகூட நேராக இருக்கும் தலை.

"டாக்டர், அதைக் கட்டினது நான்," என்றேன்.

வெளியே ஒரு பசு கத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவர் ரெண்டாம் நாளே அவுக்கச் சொன்னார். நான்தான் கேக்கல. மாத்திரை வச்சதும் நான்தான்."

எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. என் கணவரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க சார். தினமும் உங்களைத்தான் பேசிட்டிருந்தேன்," என்றார்.

"அதனால என்ன டாக்டர். நானும் கத்துக்கிட்டேன்ல."

பிறகு என்னிடம், "விரலை எடுத்த பிறகு ஒரு மாசம் தினமும் கட்டு மாத்தணும். நீங்க செய்வீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர். சொல்லிக் குடுங்க," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில் என்னைவிட என் கணவருக்குத்தான் ஆச்சரியம்.

ஒரு மாதம்

விரலை எடுத்தார்கள். முன்கூடத்தில் பாய் விரித்து அவனைப் போட்டோம்.

குட்டன் என்னை அண்ட விடவில்லை. நான் தட்டோடு வருவதைப் பார்த்தாலே உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுவான். நான் குறை சொல்ல முடியுமா? டாக்டரம்மா காட்டியபடி இவர் மெல்லிய துணிப்பட்டையால் அவன் வாயைச் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவார். மூச்சுத் தாராளமாக வாங்கும்படி. வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் அப்படிக் கட்டவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், வளர்த்தவரையும்.

இவர் தலைமாட்டில் உட்கார்ந்து மலையாளத்தில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். நான் சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை எடுத்துப் பீய்ச்சுவேன். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். விரலிடுக்கில் பஞ்சு. மேலே லேசாகத் துணி. நடு விரல்கள் இரண்டின் நுனியும் வெளியே தெரிய வேண்டும். கட்டு முடிந்ததும் என் இரண்டு விரல் உள்ளே தாராளமாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி.

காலையும் மாலையும் விரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வாடை அடிக்கிறதா. சாரலில் வெளியே போனால் பாலித்தீன் பை மாட்டி, உள்ளே வந்ததும் கழற்றிவிடுவோம். துணி ஈரமானால் உடனே மாற்றுவோம். கழுத்துக்குக் கூம்பு வாங்கத் தேனி வரை போகச் சோம்பல்பட்டு, இவர் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, ஓரத்தில் துணி தைத்து மாட்டினார். அதோடு அவன் நடந்து கதவிலெல்லாம் இடித்துக்கொண்டதைப் பார்த்து, காயம் பட்ட பிறகு முதல் தடவையாகச் சிரித்தோம்.

என் கட்டுகள் கோணலாக இருந்தன. பார்க்க அழகில்லை. ஒரு நாள் டாக்டரம்மா அதைத் தூக்கிப் பார்த்து, இரண்டு விரலை உள்ளே விட்டு ஆட்டி, "நல்லா இருக்கும்மா," என்றார். மதுரையில் தூக்கிக் காட்டியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் காயத்துக்கும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். மேல்தோல் கீறல், சின்ன வெட்டு, இவ்வளவுதான் நம் கைக்கு. வாய் பிளந்த வெட்டு, ஆழமான குத்து, கண் பக்கத்துக் காயம், புழு வைத்தது, சீழ் பிடித்தது எல்லாம் டாக்டரிடம் போக வேண்டியவை. வேறு நாய் கடித்திருந்தால் மேலே துளிதான் தெரியும், உள்ளே கிழிந்திருக்கும், அதுவும் அப்படித்தான். நம்மையே நாய் கடித்தாலோ, அதன் எச்சில் நம் புண்ணில் பட்டாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதை மட்டும் பழைய நர்ஸாகவே, அதட்டியே சொல்கிறேன். வெறிநோய் வந்தவர்களிடம் வார்டில் நான் பார்த்தவற்றை இங்கே எழுத மாட்டேன்.

இப்போது

குட்டன் இருக்கிறான். மூன்று விரலோடு வாய்க்கால் கரையில் ஓடுகிறான். ஈரத் தரையில் மட்டும் அந்தக் கால் சற்று வழுக்கும். என்னிடம் சாப்பிடுவான், நான் டிவி பார்க்கும்போது காலடியில் படுப்பான். வலது முன்னங்காலைத் தொட மட்டும் இன்றுவரை விடுவதில்லை. நானும் கேட்பதில்லை.

போன மாதம் திராட்சைப் பந்தலுக்குள் எதையோ துரத்திப் போய், கம்பி கீறிப் பின்னங்காலில் ஒரு கோடு. மேலோட்டமானதுதான். ஆனால் மண்ணில் உரசும் இடம், மூடியாக வேண்டும். உப்புத் தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து அலசினேன். இவர் வாயைக் கட்டித் தலையைப் பிடித்துக்கொண்டார். துணியைச் சுற்ற ஆரம்பிக்கும் முன்னால் நிறுத்தினேன்.

"நீங்க காலைப் பார்த்துக்கிட்டே இருங்க. இறுக்கமாத் தெரிஞ்சா சொல்லுங்க."

"சொன்னாக் கேப்பியா?"

"கேப்பேன்."

இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அவிழ்த்துக் கட்டினேன்.